பன்னிரண்டாவது மீசை

ஜார்ஜியாக்காரரான வாஜா மெஸ்கிஷ்விலியின் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. அதனால் அல் சித்ரா கிளப்பில் எல்லோருக்கும் அவர் வெறும் கோச். நுழைந்திருந்தாலும் யாரும் மெனக்கெட்டிருக்க மாட்டார்கள். ஷார்ஜாவிலிருந்து தைத் போகும் சாலையில், ஒட்டகத் தீவனக் கடைகளுக்கும் சிமெண்ட் கிடங்குகளுக்கும் நடுவே இருக்கும் அந்த இரண்டாம் டிவிஷன் கால்பந்து கிளப்பில் கோச்சின் பெயரை மனப்பாடம் செய்வது வெட்டி வேலை. நாக்கு பழகுவதற்குள் ஆளை மாற்றிவிடுவார்கள்.

இந்த விஷயத்தில் மதுசூதனனை மிஞ்ச ஆள் கிடையாது. அவர் கிளப்பின் கிட்மேன். ஜெர்சி துவைப்பது, பூட்ஸ் துடைப்பது, பந்துகளுக்குக் காற்றடிப்பது, யாருக்கு எந்த சைஸ் என்று நினைவில் வைத்திருப்பது எல்லாம் அவர் பாடு. இலங்கை மலையகத்தில் மஸ்கெலியாவில் பிறந்தவர். துபாய் அல் கூஸில் ஒரு லாண்டரியில் ஆறு வருடம் ஹோட்டல் விரிப்புகளை வெளுத்துவிட்டு இங்கே வந்து சேர்ந்தார். பதினான்கு சீசன் ஆகிறது. அதற்குள் பத்தொன்பது கோச்சுகளைப் பார்த்துவிட்டார்.

ஒரு கோச்சின் சீட்டு கிழியப்போவது கிளப் தலைவருக்கும் மானேஜர் யஹ்யாவுக்கும் அடுத்தபடியாக மதுசூதனனுக்குத்தான் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. யஹ்யா போன் செய்து, ட்ராக்சூட் ஒன்று எடுத்து வை, பெயர் அடிக்காதே, யாரிடமும் சொல்லாதே என்று ஒரு சைஸைச் சொல்வார். ஆட்டக்காரர்களை விட்டால் அந்த சைஸில் கிளப்பில் ஒருவரும் இருக்க மாட்டார்கள். அது வரப்போகிறவரின் சைஸ். இருக்கிறவரோ அந்த நேரம் வெயிலில் நின்று அடுத்த வாரத் திட்டத்தைத் தொண்டை கிழியப் பேசிக்கொண்டிருப்பார்.

மதுசூதனன் உடனே பக்கத்து குரோசரிக்குப் போய் வாழைப்பழம் வந்த அட்டைப்பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கி வருவார். இரண்டு பக்கமும் கை நுழைக்க ஓட்டை உண்டு, தூக்க வசதி. கோச்சின் லாக்கரில் உள்ளதையெல்லாம் துவைத்து மடித்து அதில் அடுக்கி, கிட் ரூம் மேசைக்கு அடியில் தள்ளி வைப்பார். அவர் வேலைக்கு வந்த முதல் வருடம், வேலை போன கோச் ஒருவர் ஆட்டக்காரர்கள் எல்லோரும் பார்க்க நடைவழியில் குனிந்து தன் உள்ளாடைகளைப் பொறுக்கினார். எந்த மனிதனுக்கும் இந்த நிலைமை வரக் கூடாது என்று மதுசூதனனுக்கு அன்றைக்குத் தோன்றியது. நல்ல எண்ணம்தான். அந்த நல்ல எண்ணமே பின்னால் அவரை வசமாக மாட்டிவிட்டது.

வாஜா வந்தது போன ஆகஸ்டில். விமான நிலையத்திலிருந்து அவரைக் கூட்டி வந்தவன் டீம் பஸ் டிரைவர் பாலகுரு. பரமக்குடிப் பக்கத்துக்காரன், காது வரை மீசை வைத்திருப்பவன். ஜார்ஜியா என்றால் அமெரிக்கா என்று நினைத்துக்கொண்டு வழியெல்லாம் தனக்குத் தெரிந்த இங்கிலீஷை எல்லாம் கொட்டினான். கோச் அவனைவிட மோசமான இங்கிலீஷில், அது வேறு ஜார்ஜியா, என்னுடையது சின்ன ஊர், மலைக்கும் கருங்கடலுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது என்று விளக்கினார். பிறகு பாலகுருவின் மீசையை ஏக்கத்தோடு பார்த்துவிட்டு, தன் மேலுதட்டில் முளைத்திருந்த நாலு நாள் முடியைத் தடவிக்கொண்டார். ஆள் டபுள் எக்ஸ்எல், வயது அறுபத்திரண்டு, பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது என்று பாலகுரு வந்ததும் அறிக்கை வாசித்தான்.

முதல் வாரமே கோச் கிட் ரூமைக் கண்டுபிடித்துவிட்டார். துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் மதுசூதனன் ஒரு கெட்டில் வைத்திருந்தார். நாலு மணிக்கு டீ. கோச் ஒரு வாய் குடித்துவிட்டு, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துக் கொழுந்து கிள்ளுவதுபோல் செய்து காட்டினார். மதுசூதனனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவருடைய அம்மா முப்பது வருடம் செய்த வேலை அது. கோச்சின் அம்மாவும் குரியா என்ற பகுதியில், சோவியத் அரசாங்கத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவராம். அன்றிலிருந்து இருவருக்கும் தினம் சண்டை. ஜார்ஜியத் தேயிலை ஆட்டுத் தீவனம் என்பார் இவர். இலங்கைத் தேயிலையில் பாலை ஊற்றிக் கொன்றுவிடுகிறீர்கள் என்பார் அவர். நாலு மணி டீ மட்டும் ஒருநாளும் நின்றதில்லை.

அந்த டீயோடு டீயாக மதுசூதனன் கோச்சின் முழுக்கதையையும் குடித்துவிட்டார். குட்டாய்சி என்ற ஊரில் வாஜா லெஃப்ட் பேக் ஆடியவர். பெரிய ஆட்டக்காரர் ஒன்றுமில்லை, ஆனால் அவரைத் தாண்டிப் போனவன் நொண்டிக்கொண்டுதான் போனான் என்று அவரே சொல்லிக்கொள்வார். இருபத்தேழு வயதில் முழங்கால் போனது, கோச் ஆனார். அடுத்த வருடம் நாடே துண்டு துண்டாகப் போனது. கரண்ட் கிடையாது, பெட்ரோல் கிடையாது. இருட்டுவதற்குள் பயிற்சியை முடிக்க வேண்டும் என்பதற்காக இரண்டு டீம்களை ஒரே மைதானத்தில் குறுக்கும் நெடுக்குமாக ஆடவிட்டார். சம்பளத்துக்குப் பதிலாக மாவு மூட்டை வந்தது. அதை மனைவி நானாவும் அவருமாகச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

அதன் பிறகு ஊர் ஊராகப் பிழைப்பு. பதினோரு கிளப், பதினோரு தடவையும் சீசன் முடிவதற்குள் வெளியே அனுப்பிவிட்டார்கள். சவூதியில் தம்மாமில் ஆட்டத்தின் இடைவேளையில் வேலை போனது. இரண்டாவது பாதிக்கு டீம் வெளியே வந்தபோது வேறு ஒருவர் கத்திக்கொண்டிருந்தார். குவைத்தில் கிளப் அவரை அப்பாசியாவில் ஒரு பிளாட்டில் தங்கவைத்திருந்தது. கீழே இருந்த கடையில் பரோட்டாவும் சால்னாவும் தின்று உடம்பை ஏற்றிக்கொண்டார். ஒருநாள் பரோட்டா கட்டிக் கொடுத்த மலையாளப் பேப்பரில் தன் படம் இருப்பதைப் பார்த்துப் பூரித்துப்போய்க் கடைக்காரரிடம் நீட்டினார். கடைக்காரர் படித்துவிட்டு, சால்னாவை இன்னொரு கரண்டி ஊற்றிய பிறகுதான் விஷயத்தைச் சொன்னார்.

எல்லாவற்றுக்கும் மேலே கஜகஸ்தான் கதை, அதுதான் வெளிநாட்டில் முதல் கிளப். அங்கே பனிக்காலத்தில் சவரக்கடை நாற்காலியில் சாய்ந்திருந்தபோது போன் வந்தது. வேலை போன செய்தி. திடுக்கிட்டு எழுந்தார், கத்தி மீசையின் ஒரு பக்கத்தைக் கொண்டுபோய்விட்டது. மறுபக்கத்தையும் எடுத்துவிட்டு ஊருக்குப் போனார். விமான நிலையத்தில் நானா அவர் மேலுதட்டைப் பார்த்ததும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை, பெட்டியை வாங்கிக்கொண்டு நடந்தார். அதிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. வேலை கிடைத்தால் மீசை வளரும். வேலை போனால், விமானம் ஏறுவதற்கு முன்னால் ஒரு சவரக்கடையைத் தேடிப் போய் அதை எடுத்துவிடுவார். வாயால் சொல்ல வேண்டிய அவமானத்தை மூஞ்சியே சொல்லிவிடும், வேலை மிச்சம்.

இந்தத் தடவை கிளம்பும்போது நானா ஒன்றுதான் சொன்னாராம். ஒரே ஒரு தடவை மீசையோடு வந்து இறங்கு, அதற்கப்புறம் நீ எங்கேயும் போக வேண்டாம். கோச் இதைச் சொல்லும்போது சிரித்தார், ஆனால் கண் கிட் ரூம் சுவரில் இருந்தது. அங்கே பதினான்கு வருடத்து சீசன் முடிவுப் படங்கள் வரிசையாக மாட்டியிருந்தன. ஒவ்வொரு வருடமும் கடைசி ஆட்டத்துக்கு முன்னால் டீம் மொத்தமும் நின்று எடுத்துக்கொள்வது. அந்தப் பதினான்கில் ஒன்றில்கூட ஆகஸ்டில் சீசனைத் தொடங்கிய கோச் இல்லை. மதுசூதனன் சும்மா இருக்காமல் இந்த விவரத்தையும் எடுத்துச் சொன்னார். ட்ராக்சூட் சைஸ் ரகசியத்தையும் சேர்த்துச் சொன்னார். நெருங்கின மனிதரிடம் எதை மறைப்பது?

சீசன் நன்றாகத்தான் போனது. ஆட்டத்துக்கு முன்னால் கோச் ஆரஞ்சு ஜூஸைக் கையில் பிடித்துக்கொண்டு அவர்கள் ஊர் விருந்துகளில் செய்வதுபோல் ஆளாளுக்கு வாழ்த்துச் சொல்லுவார். ரெஃப்ரியின் கண்களுக்கு, எதிரி கோல்கீப்பரின் தாய்க்கு, புல்லுக்குத் தண்ணீர் விட்டவனுக்கு. ஒவ்வொன்றுக்கும் எல்லோரும் "காவுமர்ஜோஸ்" என்று கத்த வேண்டும், வெற்றி உண்டாகட்டும் என்று அர்த்தம். ஒருநாள் ஜெர்சி துவைத்த கைகளுக்கு என்று மதுசூதனனைப் பார்த்துக் கிளாஸை உயர்த்தினார். பத்தொன்பது கோச்சுகளில் ஒருவர்கூடச் செய்யாதது. மதுசூதனன் அன்றைக்குக் கலர் துணியையும் வெள்ளைத் துணியையும் ஒன்றாகப் போட்டுக் கெடுத்தார்.

மீசை அடர்ந்து நுனியில் வளைந்தது. பாலகுரு ஊரிலிருந்து ஏதோ தைலம் தருவித்துக் கொடுத்தான். ஏப்ரலில் டீம் ஐந்தாவது இடம். பிறகு மூன்று ஆட்டம் வரிசையாகத் தோல்வி. மே மாதம் கடைசி ஆட்டம் மட்டும் பாக்கி, அது சனிக்கிழமை.

வியாழக்கிழமை யஹ்யா போன் செய்தார். ட்ராக்சூட் ஒன்று, மீடியம். பெயர் வேண்டாம். யாரிடமும் சொல்ல வேண்டாம்.

மதுசூதனன் போனை வைத்துவிட்டு மனதுக்குள் எல்லோரையும் வரிசையாக நிறுத்திப் பார்த்தார். கோச் டபுள் எக்ஸ்எல். துணைக் கோச் ஸ்மால். டாக்டர் எக்ஸ்எல். பிசியோ ஸ்மால். ஆட்டக்காரர்களை விட்டால் மீடியம் ஒருவரும் இல்லை. ஒரே ஒரு ஆட்டம் பாக்கி இருக்கும்போது இந்த வேலையைச் செய்கிறார்களே, இவர்கள் எல்லாம் மனிதர்கள்தானா என்று அவருக்கு ஆத்திரமாக வந்தது. பாலகுருவிடம் மட்டும் சொன்னார். அவன் பஸ்ஸின் டயரை ஓங்கி ஒரு உதை விட்டான்.

வெள்ளிக்கிழமை பெட்டி வந்தது. விசில், ஷூ, நானாவின் படம், மீசைச் சீப்பு என்று ஒவ்வொன்றாக அடுக்கினார். நாலு மணி ஆனதையே கவனிக்கவில்லை. கோச் டீக்கு உள்ளே வந்தார். மேசைமேல் பெட்டி திறந்து கிடந்தது, மேலாக அவருடைய சீப்பு.

கோச் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சைஸ் என்ன?" என்று மட்டும் கேட்டார்.

"மீடியம்" என்றார் மதுசூதனன்.

"சின்ன ஆள்" என்றார் கோச்.

டீயைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். ஒருநாளும் இல்லாத அதிசயமாகத் தன் கோப்பையைத் தானே கழுவிக் கவிழ்த்தார். பதினோரு தடவை அவர்கள் என்னை அனுப்பினார்கள், இந்தத் தடவை அவர்கள் வாயைத் திறப்பதற்குள் நானே போய்விடுகிறேன், அந்த மரியாதையாவது மிஞ்சட்டும் என்றார். பெட்டியின் ஓட்டைகளில் கையை நுழைத்துத் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போய்விட்டார். மதுசூதனன் வாசல் வரை பின்னால் போனார். அப்படியும், நடைவழியில் குனியாமல் போனாரே என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டார்.

மறுநாள் மதியம் மூன்று மணிக்குக் கிட் ரூமுக்குள் ஒல்லியான ஒருவர் வந்தார். ட்ராக்சூட் தயாரா என்று கேட்டார். மதுசூதனன் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு எடுத்துக் கொடுத்தார். அவர் அங்கேயே போட்டுப் பார்த்தார், அளவெடுத்துத் தைத்தமாதிரி இருந்தது. மதுசூதனன் யார் வந்தாலும் கொடுக்கும் டீயை அவருக்குக் கொடுக்கவில்லை. உன் லாக்கர் அதோ, பூட்டு ஆடும், பார்த்துத் திற என்று தனக்குத் தெரிந்த அரபியில் வேண்டாவெறுப்பாகச் சொன்னார். வாஜா எங்கே என்று அந்த மனிதர் கேட்டதற்கு, உன்னால்தான் போய்விட்டார் என்று பதில் சொல்ல வாயெடுத்தார். அந்த நேரம் யஹ்யா மூச்சிரைக்க உள்ளே ஓடிவந்து விறைத்து நின்றார்.

அது கிளப் தலைவர். பழைய டபுள் எக்ஸ்எல் தலைவரேதான். வெளிநாட்டில் வயிற்றுக்கு ஆபரேஷன் செய்துகொண்டு, நாலு மாதம் யார் கண்ணிலும் படாமல் இருந்து, பாதி ஆளாகத் திரும்பியிருந்தார். சீசன் முடிவுப் படத்தில் புது உடம்போடு நின்று எல்லோரையும் அசத்த வேண்டும் என்று ஆசை, அதற்குத்தான் அந்த ரகசியம். கிட்மேனுக்கே தன்னை அடையாளம் தெரியவில்லை என்பதைவிடப் பெரிய பாராட்டு அவருக்கு அந்த வருடம் கிடைக்கவில்லை. சிரித்துக்கொண்டே தோளில் தட்டினார். மதுசூதனன் போனை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினார்.

கோச்சின் போன் அணைந்து கிடந்தது. ஆட்டம் ஆறேகாலுக்கு. கோச்சுக்கு வயிற்றுவலி, வந்துவிடுவார் என்று துணைக் கோச்சிடம் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு மதுசூதனன் பாலகுருவின் பஸ்ஸில் ஏறினார். கோச்சின் பிளாட்டுக்குப் போனால், வாட்ச்மேன் சாவியைக் காட்டினார். சார் கொஞ்ச நேரம் முன்னால்தான் ஒரு பழப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாராம்.

"அண்ணே, என்னண்ணே இப்படிப் பண்ணிப்புட்டீங்க" என்று பாலகுரு ஸ்டியரிங்கில் தலையை முட்டினான். "இனி ஏர்போர்ட்டுலயா போயித் தேடுறது?"

மதுசூதனன் அவனுடைய மீசையையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏர்போர்ட் இல்ல தம்பி. சலூனுக்கு விடு."

பிளாட்டுக்குப் பக்கத்துப் பஜாரில் ஒன்பது சலூன். ஐம்பது பேர் உட்காரும் பஸ்ஸைச் சந்து சந்தாக நுழைத்து, ஒவ்வொரு கடை வாசலிலும் நிறுத்தி, மதுசூதனன் இறங்கி ஓடினார். பின்னால் ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது. ஆறாவது கடை முகம்மது சித்தீக் என்ற முல்தான்காரருடையது. வாசலில் வாழைப்பழப் பெட்டி இருந்தது. உள்ளே நாற்காலியில் கோச் சாய்ந்திருந்தார். சித்தீக் கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மீசையின் இடது பக்கம் போய்விட்டது.

மதுசூதனன் கண்ணாடியில் தெரிந்த கோச்சைப் பார்த்தே பேசினார். மீடியம் புது கோச்சுக்கு இல்லை, தலைவருக்கு, அவர் இளைத்துவிட்டார் என்று மூச்சுவிடாமல் சொல்லி முடித்தார்.

கோச் கண்ணாடியிலேயே கேட்டார். "அப்போ யாரும் என்னை அனுப்பல?"

"யாரும் அனுப்பல கோச். நாந்தான் அனுப்பினேன். பெட்டி கட்டினது நான், தப்பு என்னோடது. மன்னிச்சுக்கங்க." மதுசூதனனுக்குக் கண்ணில் நீர் முட்டியது. பதினான்கு வருடம் இரக்கத்தோடு கட்டிய பெட்டிகளில் ஒன்று, யாருக்காக இரக்கப்பட்டாரோ அவர் கழுத்துக்கே கத்தியாக வந்திருந்தது.

சித்தீக் கத்தியைக் கீழே வைத்தார். பிறகு கோச்சின் தொப்பை குலுங்கத் தொடங்கியது. சிரிப்பு அடங்க ஒரு நிமிடம் ஆனது. சித்தீக் கத்தியை எடுத்துக்கொண்டு, மறுபக்கத்தையும் எடுத்துச் சமமாக்கிவிடுகிறேன் என்று நெருங்கினார். கோச் அவருடைய கையைப் பிடித்தார். "வேண்டாம் பாய். மொத்தமும் எடுத்தால் அது வேலை போனவன் மூஞ்சி. எனக்கு வேலை போகல."

என் கடையிலிருந்து இப்படி ஒரு ஆள் வெளியே போனால் நாளைக்கு எவன் வருவான் என்று சித்தீக் தெரு வரை பின்னாலேயே வந்து மன்றாடினார். பஸ் கிளம்பிவிட்டது.

அல் சித்ராவின் டிரெஸ்ஸிங் ரூம் அப்படி ஒரு சிரிப்பை அதுவரை கேட்டதில்லை. கோச் ஜூஸைக் கையில் எடுத்து, மிச்சமிருக்கும் பக்கத்துக்கு என்றார். காவுமர்ஜோஸ் என்று கூரை அதிர்ந்தது. சிரித்த வாய் மூடாமலே போய் ஆடி, மூன்றுக்கு ஒன்று என்று ஜெயித்தார்கள். எதிரி டீமின் டிஃபெண்டர்கள் பாதி நேரம் பந்தைப் பார்க்காமல் எங்கள் பெஞ்சையே பார்த்தார்கள் என்று பாலகுரு இன்றைக்கும் சத்தியம் செய்கிறான்.

படம் ஆட்டத்துக்கு முன்னாலேயே எடுத்தாகிவிட்டது. நடுவில் மீடியம் ட்ராக்சூட்டில் தலைவர். பக்கத்தில் கோச், ஆகஸ்டில் வந்த அதே கோச். போட்டோக்காரர் நல்ல பக்கமாகத் திரும்பச் சொன்னார், அவர் கேட்கவில்லை. நேராக நின்றார்.

மூன்று நாள் கழித்து ஊருக்குக் கிளம்பினார். அதுவரைக்கும் அந்தப் பாதியைத் தொடவே இல்லை, மறுபக்கத்தில் முளைத்ததைத் தினம் மழித்துக்கொண்டார். பாஸ்போர்ட் பார்த்த அதிகாரி படத்தையும் ஆளையும் மாற்றி மாற்றிப் பார்த்து ஒரு முடிவுக்கு வர வெகுநேரம் ஆனது என்று போனில் சொல்லிச் சிரித்தார்.

அடுத்த வாரம் நாலு மணிக்கு மதுசூதனன் தனியாக டீ போட்டுக்கொண்டிருந்தபோது போனுக்கு ஒரு படம் வந்தது. குட்டாய்சியில் ஒரு வீட்டுச் சுவர். சீசன் முடிவுப் படம் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. அதன் கீழே அரை மீசையோடு கோச், பக்கத்தில் நரைத்த தலையோடு ஒரு பெண்மணி. நானா போனிலேயே மொழிபெயர்த்து இங்கிலீஷில் இரண்டு வரி எழுதியிருந்தார். பாலகுரு என்ன என்னவென்று அரித்ததால் மதுசூதனன் அதைத் தமிழில் படித்துக் காட்டினார்.

"பதினோரு தடவை இவரை ஒண்ணுமில்லாம அனுப்பி வச்சாங்க. நீங்க பாதியையாவது மிச்சம் வச்சு அனுப்பினீங்க, அது எனக்குப் போதும்."

பாலகுரு இன்னொரு தடவை படிக்கச் சொன்னான். இரண்டாம் தடவை மதுசூதனன் பாதி வரியில் நிறுத்திவிட்டு டீயை ஆற்றினார். பாலகுரு தன் மீசையைத் தடவிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தான்.